22 வயதில் கண்டுபிடித்தார், 30 வருஷம் கழித்துதான் உலகம் திரும்பிப் பார்த்தது: யார் இந்த பஞ்சரத்தினம்?

குவாண்டம் கம்ப்யூட்டர், குவாண்டம் சாட்டிலைட், குவாண்டம் மிஷன் என்று வாரத்துக்கு ஒரு செய்தியாவது நம் ஃபோனில் வந்துவிடுகிறது. 2022-ம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசும் இந்தத் துறைக்குத்தான் போனது. இந்த ஆய்வுகளில் ஒரு பிரிவு கொஞ்சம் வித்தியாசமானது. ஒளியை ஸ்க்ரூ மாதிரி முறுக்குவார்கள். அந்த முறுக்கை வைத்தே இரண்டு ஒளித்துகள்களைப் பின்னிவிடுவார்கள்.

அந்த ஆய்வுக்கூடங்களில், இத்தாலியாக இருந்தாலும் அமெரிக்காவாக இருந்தாலும், ஒரு பெயர் அடிக்கடி அடிபடும். வெள்ளைக்கார விஞ்ஞானிகள் சிரமப்பட்டு உச்சரிக்கிற அந்தப் பெயர், பஞ்சரத்தினம்.

சர் சி.வி.ராமனை ஐந்தாம் வகுப்பு மாணவருக்கும் தெரியும். அவருடைய சகோதரி மகன் பஞ்சரத்தினத்தை, இயற்பியல் படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அவர் என்ன கண்டுபிடித்தார், ஏன் இத்தனை வருஷம் வெளியே தெரியவில்லை, இன்றைய குவாண்டம் உலகில் அவருக்கு என்ன வேலை? பார்க்கலாம் வாங்க.

யார் இவர்?

முழுப் பெயர் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம். 1934-ல் கல்கத்தாவில் பிறந்தவர். குடும்பம் தமிழ்க் குடும்பம். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன் இவருக்குத் தாய்மாமா.

வீடு முழுக்க விஞ்ஞானிகள் என்று சொன்னால் அது மிகை இல்லை. அண்ணன் எஸ்.ராமசேஷன் படிக ஆய்வில் பெரிய பெயர், பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். இன்னொரு அண்ணன் எஸ்.சந்திரசேகர், திரவப் படிக ஆய்வில் உலகப் புகழ் பெற்றவர்.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ந்து 1983-ல் நோபல் வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர் வேற ஆள். அவர் ராமனின் அண்ணன் மகன். திரவப் படிக சந்திரசேகர் ராமனின் சகோதரி மகன். இரண்டு பேருக்கும் மாமாவோ சித்தப்பாவோ ஒரே ராமன்தான்.

ராமன் 1948-ல் பெங்களூரில் தன் பெயரிலேயே ஒரு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். வைரம், முத்து, ஓபல், சிப்பி என்று ஒளி விளையாடுகிற பொருள் எதுவாக இருந்தாலும் அவருக்கு ஆர்வம். இருபது வயதை ஒட்டி பஞ்சரத்தினமும் அங்கே மாணவராகச் சேர்ந்தார். பெயரிலேயே ஐந்து ரத்தினங்களை வைத்திருந்த இளைஞருக்குக் கிடைத்த வேலையும் ரத்தினக் கற்களோடுதான்.

முதலில் மணிமுத்தாறுக்கு ஒரு ட்ரிப்

அவர் செய்தது புரிய, ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒளியின் தளவிளைவு. ப்ளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் வரும், நிறையப் பேர் மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம், மணிமுத்தாறு அணை போதும்.

118 அடி வரை தண்ணீர் தேக்குகிற அணை அது. வெயில் நேரத்தில் அணை மேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் கண் கூசும். சாதா கூலிங் கிளாஸ் போட்டால் எல்லாமே கொஞ்சம் இருட்டாகும், கூச்சமும் கொஞ்சம் குறையும். ஆனால் போலராய்டு கிளாஸ் போட்டால் கதையே வேற. அந்தப் பளபளப்பு மட்டும் காணாமல் போய், தண்ணீருக்கு உள்ளே இருப்பதும் தெரிய ஆரம்பிக்கும். கண்ணாடியைக் கழற்றி, 90 டிகிரி திருப்பிப் பிடித்துப் பாருங்கள். பளபளப்பு திரும்பி வந்துவிடும்.

என்ன காரணம்? ஒளி ஒரு அலை. அது போகிற திசைக்குக் குறுக்கே ஆடும். சூரியனிலிருந்து நேராக வருகிற ஒளியில் மேலும் கீழும், இடமும் வலமும், சாய்வாக என்று எல்லா ஆட்டமும் கலந்து இருக்கும். அது தண்ணீரில் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, கிடைமட்டமாக ஆடுகிற ஒளிதான் அதிகமாகத் திரும்புகிறது. போலராய்டு கண்ணாடி கிடைமட்ட ஆட்டத்தை மட்டும் மறிக்கிறது. அவ்ளோதான் விஷயம்.

அப்படியே மேலே ஏறி மணிமுத்தாறு அருவிக்குப் போங்கள். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்போது சாரலில் வானவில் தெரியும். அதே கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே பார்த்தால் வானவில்லின் ஒரு பகுதி மங்கும், மறுபடி தெளியும். வானவில் ஒளியும் தளவிளைவு அடைந்த ஒளிதான்.

ஒளி நேர்கோட்டில் மட்டும் ஆட வேண்டும் என்று இல்லை. கயிற்றின் ஒரு முனையைச் சுழற்றினால் அலை சுருள் சுருளாகப் போகும் இல்லையா, அதுபோல வட்டமாகவும் ஆடலாம். இடதுபக்கச் சுற்று, வலதுபக்கச் சுற்று என்று அதில் இரண்டு வகை. இரண்டுக்கும் நடுவே நீள்வட்டமாகவும் ஆடலாம். இந்த வகைவகையான ஆட்டங்களைத்தான் பஞ்சரத்தினம் தன் விளையாட்டு மைதானமாக எடுத்துக்கொண்டார்.

கல்லுக்குள் என்ன பார்த்தார்?

அவர் கையில் எடுத்த கற்களில் முக்கியமானது அயோலைட். கார்டியரைட் என்ற கனிமத்தின் ரத்தின வடிவம். ஒரு பக்கமிருந்து பார்த்தால் நீலமும் ஊதாவும் கலந்த நிறம். திருப்பிப் பிடித்தால் வெளிறிய மஞ்சள். எந்தத் திசையில் ஆடுகிற ஒளியை எவ்வளவு விழுங்க வேண்டும் என்பதில் அந்தக் கல்லுக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

சாதாரணமாக, இரட்டை ஒளிவிலகல் கொண்ட ஒரு படிகத்துக்குள் போகிற ஒளி இரண்டு அலைகளாகப் பிரியும். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான ஆட்டம் கொண்டவை. ஒன்று கிடைமட்டம் என்றால் இன்னொன்று செங்குத்து. அப்படிப்பட்ட இரண்டு அலைகள் வெளியே வந்து சேர்ந்தாலும் ஒளி, இருள், ஒளி, இருள் என்ற பட்டைகள் உருவாகாது. பட்டை தெரிய வேண்டும் என்றால் குறுக்கே ஒரு போலராய்டு வைக்க வேண்டும். இது 19-ம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த விதி.

அயோலைட் மாதிரி ஒளியை உறிஞ்சுகிற படிகங்களில் மட்டும் அந்த வழக்கமான காட்சி மாறிவிடும். குறுக்கே எதையும் வைக்காமலேயே வளையங்கள் தெரியும். காரணம், உறிஞ்சும் படிகத்தில் பிரிகிற இரண்டு அலைகளும் முழுமையான எதிரிகள் இல்லை. பாதி ஒட்டும், பாதி ஒட்டாது. அப்படி அரைகுறையாக ஒத்துப்போகிற இரண்டு அலைகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவரை முழுமையான கணக்கு இல்லை.

அந்தக் கணக்கைத்தான் பஞ்சரத்தினம் போட்டார். 1956-ல், 22 வயதில், இந்திய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில் அது வெளியானது. குறுக்கீட்டு விளைவுக்கான பொதுக் கோட்பாடு என்பதுதான் கட்டுரையின் பொருள். தலைப்பில் பரபரப்பு எதுவும் கிடையாது. உள்ளேதான் இருந்தது வெடிகுண்டு.

அ, ஆ, இ புதிர்

அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. வேறு வேறு விதமாக ஆடுகிற இரண்டு அலைகள் ஒரே தாளத்தில் இருக்கின்றன என்று எப்படிச் சொல்வது? ஒரே மாதிரி ஆடினால் பிரச்னையே இல்லை, மேடும் மேடும் சேருகிறதா என்று பார்த்தால் போதும். ஒன்று வட்டமாகவும் இன்னொன்று நேராகவும் ஆடினால்?

அவர் ஒரு விதி வைத்தார். இரண்டையும் ஒன்று சேர்த்தால் கிடைக்கிற வெளிச்சம் எப்போது அதிகபட்சமாக இருக்கிறதோ, அப்போது இரண்டும் ஒரே தாளத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்கக்கூடிய விதி.

இப்போது மூன்று ஒளிக்கற்றைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அ, ஆ, இ என்று பெயர் வைப்போம். மூன்றும் மூன்று விதமாக ஆடுகின்றன. அ-வும் ஆ-வும் ஒரே தாளத்தில் இருக்கின்றன. ஆ-வும் இ-யும் ஒரே தாளத்தில் இருக்கின்றன. அப்படியென்றால் அ-வும் இ-யும் ஒரே தாளத்தில்தானே இருக்க வேண்டும்?

இருக்காது. அதுதான் பஞ்சரத்தினத்தின் கண்டுபிடிப்பு.

மூன்று பேரும் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து தாளம் போட்டுப் பார்த்தால், கடைசி ஜோடிக்கு மட்டும் கொஞ்சம் தாளம் பிசகுகிறது. கருவியிலும் தப்பு இல்லை, கணக்கிலும் தப்பு இல்லை. அந்தப் பிசகு எவ்வளவு என்பதையும் அவர் துல்லியமாகச் சொன்னார். அதற்கு அவர் பயன்படுத்தியது ஒரு உருண்டை.

உலக உருண்டையில் ஒரு நடை

19-ம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கணித மேதை ஹென்றி புவான்கரே ஒரு யோசனை சொல்லியிருந்தார். ஒளியின் எல்லா வகை ஆட்டங்களையும் ஒரு உருண்டையின் மேல் புள்ளிகளாக வைக்கலாம். வட துருவத்தில் ஒருபக்க வட்ட ஆட்டம், தென் துருவத்தில் மறுபக்க வட்ட ஆட்டம், நடுக்கோட்டில் நேர்கோட்டு ஆட்டங்கள், இடையில் நீள்வட்டங்கள்.

இந்த உருண்டையை விட்டுவிட்டு, நிஜமான உலக உருண்டைக்கு ஒரு நிமிஷம் வாங்க. நீங்கள் வட துருவத்தில் நிற்கிறீர்கள். கையில் ஒரு குச்சி, நீங்கள் போகப்போகிற திசையைப் பார்த்து நீட்டியிருக்கிறது. அங்கிருந்து திருநெல்வேலி வழியாக நேராகத் தெற்கே நடந்து நிலநடுக்கோடு வரை வருகிறீர்கள். குச்சி இப்போது தெற்கைப் பார்த்து இருக்கிறது. குச்சியைத் திருப்பாமல், நிலநடுக்கோட்டின் மேலேயே மேற்கே, பூமியின் கால் சுற்று தூரம் போகிறீர்கள். குச்சி இன்னமும் தெற்கைத்தான் காட்டுகிறது. அங்கிருந்து நேராக வடக்கே ஏறி, துருவத்துக்கே திரும்பிவிடுகிறீர்கள்.

வழியில் ஒரு இடத்தில்கூட குச்சியைத் திருப்பவில்லை. ஆனாலும் கிளம்பும்போது இருந்த திசைக்கும் இப்போது இருக்கிற திசைக்கும் 90 டிகிரி வித்தியாசம் இருக்கும். குச்சியைத் திருப்பியது நீங்கள் இல்லை. உருண்டையின் வளைவுதான் திருப்பிவிட்டது. நீங்கள் சுற்றி வந்த முக்கோணம் எவ்வளவு பெரிசோ, அந்த அளவுக்குத் திருப்பம்.

ஒளிக்கும் இதேதான் நடக்கிறது என்று பஞ்சரத்தினம் காட்டினார். புவான்கரே உருண்டையில் மூன்று புள்ளிகளை இணைத்து ஒரு முக்கோணம் போடுங்கள். ஒளி அந்த மூன்று ஆட்டங்களையும் கடந்து பழைய ஆட்டத்துக்கே திரும்பினால், அதன் தாளம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். எவ்வளவு? அந்த முக்கோணம் உருண்டையின் மையத்தில் உண்டாக்கும் திண்மக் கோணத்தில் சரிபாதி.

உதாரணமாக, வட்ட ஆட்டம், கிடைமட்ட ஆட்டம், 45 டிகிரி சாய்ந்த ஆட்டம் என்ற மூன்றையும் எடுத்தால், நீங்கள் மேலே நடந்த அதே முக்கோணம் வரும். குச்சி 90 டிகிரி திரும்பியது. ஒளியின் தாளம் அதில் பாதி, 45 டிகிரி நகரும். ஒரு அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஒளி எவ்வளவு தூரம் போனது, எவ்வளவு நேரம் எடுத்தது என்பதெல்லாம் இந்த நகர்வுக்குத் தேவையே இல்லை. எந்தப் பாதையில் சுற்றியது என்ற வடிவம் மட்டும்தான் கணக்கு. அதனால்தான் இதற்கு இன்று வடிவியல் கட்டம் என்று பெயர்.

கானல் நீரும் ஆக்ஸ்ஃபோர்டும்

அதற்கு முந்தைய வருஷமே, 1955-ல், பஞ்சரத்தினம் இன்னொரு நல்ல காரியம் செய்திருந்தார். ஒளியின் ஆட்டத்தை மாற்றுகிற படிகத் தட்டுகள் பொதுவாக ஒரு நிறத்துக்குத்தான் சரியாக வேலை செய்யும். மூன்று தட்டுகளைக் குறிப்பிட்ட கோணங்களில் அடுக்கினால் பல நிறங்களுக்கும் சேர்த்து வேலை செய்யும் என்று காட்டினார். நட்சத்திர ஒளியை ஆராய்கிற வானியல் கருவிகளில் இந்த உத்தி இன்றும் பயன்படுகிறது.

1959-ல் மாமாவும் மருமகனும் சேர்ந்து கானல் நீரைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கோடை மதியத்தில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறுக்கு பைக்கில் போகிறவர்கள் தூரத்து ரோட்டில் தண்ணீர் தேங்கியிருப்பது போல் பார்த்திருப்பீர்களே, அதே கானல் நீர்தான். பாடப் புத்தகங்கள் அதை ஒளிக்கதிர் வளைவதாக மட்டும் சொல்லிவிட்டு முடித்துவிடும். அவர்கள் இருவரும் அதை அலையாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள்.

1960-களின் தொடக்கத்தில் பஞ்சரத்தினம் மைசூர் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். அண்ணன் சந்திரசேகர் அப்போது அங்கேதான் இயற்பியல் துறையை நடத்தினார். 1964-ல் அடுத்த நகர்வு, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு. அங்கே ஜார்ஜ் சீரிஸ் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து, ஒளியைப் பாய்ச்சி அணுக்களை ஒரே திசையில் அணிவகுக்க வைப்பது பற்றிய ஆய்வு. படிகத்தில் தொடங்கியவர் அணுவுக்கும் குவாண்டத்துக்கும் வந்து சேர்ந்திருந்தார்.

அந்தப் பயணம் அங்கேயே நின்றுவிட்டது. 1969-ல் பஞ்சரத்தினம் காலமானார். வயது 35. தான் செய்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று உலகம் சொல்லி அவர் கேட்கவே இல்லை. அடுத்த வருஷம், 1970 நவம்பரில், ராமனும் மறைந்தார். 1975-ல் ஜார்ஜ் சீரிஸ் அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாகப் புத்தகமாகக் கொண்டுவந்தார். சக ஆய்வாளர் ஒருவருக்குச் செய்யக்கூடிய மரியாதை அது. ஆனாலும் 1956 கட்டுரையின் முழு அர்த்தம் அப்போதும் வெளியே வரவில்லை.

ஏன் யாரும் கவனிக்கவில்லை?

எளிதான பதில் ஒன்று இருக்கிறது. கட்டுரை வெளியானது இந்திய ஆய்விதழில், அதனால் வெளிநாட்டுக்காரர்கள் படிக்கவில்லை. இதில் உண்மை இருக்கிறது. இந்திய அறிவியல் அகாடமியை ராமன் தொடங்கியது 1934-ல், பஞ்சரத்தினம் பிறந்த அதே வருஷம். நம் ஆராய்ச்சி நம் ஊர் இதழில் வர வேண்டும் என்பதில் ராமனுக்குப் பிடிவாதம் உண்டு. ஆனால் 1928-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்தபோது, இந்திய இதழில் மட்டும் விடாமல் லண்டனின் நேச்சர் இதழுக்கும் செய்தி அனுப்பினார். உலக விஞ்ஞானிகளுக்குப் பிரதிகளையும் தபாலில் அனுப்பிவைத்தார். மருமகனின் கட்டுரைக்கு அப்படி ஒரு வெளிச்சம் கிடைக்கவில்லை.

ஆனால் இது மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பாதிக் கதை. சோவியத் யூனியனில் 1938-ல் ரைட்டோவ், 1941-ல் விளாதிமிர்ஸ்கி என்ற இருவர் ஒளியில் இதோடு நெருக்கமான வடிவியல் விளைவுகளைக் கண்டிருந்தார்கள். அவையும் மறக்கப்பட்டன. இந்த விளைவுகள் எல்லாம் ஒரே பெரிய விதியின் துண்டுகள் என்று சொல்ல அப்போது ஒரு மொழி இல்லை. துண்டுகள் தனித்தனியாகக் கிடந்தன. பஞ்சரத்தினத்தின் கட்டுரையும் படிகவியல் பற்றியதாகத்தான் அலமாரியில் அடுக்கப்பட்டது. குவாண்டம் இயற்பியல்காரர்கள் அந்த அலமாரிப் பக்கம் வர எந்தக் காரணமும் இல்லை.

பெங்களூரிலிருந்து போன செய்தி

1984-ல் அந்த மொழி கிடைத்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த மைக்கேல் பெர்ரி, ஒரு குவாண்டம் அமைப்பை மெதுவாக மாற்றிக்கொண்டே போய்ப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால், அது போன பாதையின் வடிவம் அதன் கட்டத்தில் பதிவாகியிருக்கும் என்று நிரூபித்தார். இயற்பியல் உலகமே அதைக் கொண்டாடியது. பெர்ரி கட்டம் என்று பெயரும் வந்துவிட்டது.

பெங்களூரில் அதைப் படித்தவர்களுக்கு, இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே என்று தோன்றியது. 1986-ல் ராஜாராம் நித்யானந்தாவும், பஞ்சரத்தினத்தின் அண்ணன் ராமசேஷனும் கரன்ட் சயின்ஸ் இதழில் ஒரு குறிப்பு எழுதினார்கள். பெர்ரி சொன்னதற்கு ஒரு முன்னோடி உதாரணம், 1956-லேயே ஒளியில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

இங்கேதான் பெர்ரியின் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும். அவர் மறுக்கவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. பஞ்சரத்தினத்தின் கட்டுரையைப் படித்து, அதைக் குவாண்டம் மொழியில் விளக்கி, 1987-ல் தானே ஒரு கட்டுரை வெளியிட்டார். 1994-ல் பஞ்சரத்தினத்தைப் பாராட்டுவதற்காகவே இன்னொரு கட்டுரை எழுதினார். இன்று பாடப் புத்தகங்களில் பஞ்சரத்தினம்-பெர்ரி கட்டம் என்று இரண்டு பெயரும் சேர்ந்தே வருகிறது.

1988-ல் ராமன் ஆய்வு நிறுவனத்தில் ராஜேந்திர பண்டாரியும் ஜோசப் சாமுவேலும் லேசர் வைத்து இந்தக் கட்டத்தை நேரடியாக அளந்து காட்டினார்கள். பாதை மெதுவாகத்தான் மாற வேண்டும், ஆரம்பித்த இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற நிபந்தனைகளை விட்டுவிட்டாலும் இந்தக் கட்டத்துக்கு அர்த்தம் உண்டு என்று அவர்கள் நிறுவியதற்கு அடிப்படை, பஞ்சரத்தினம் 22 வயதில் வைத்த அந்தத் தாள விதிதான்.

முறுக்கின ஒளி, பின்னின ஃபோட்டான்

சரி, குவாண்டம் பின்னலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒளித்துகளான ஃபோட்டானுக்குத் தற்சுழற்சி உண்டு. இதற்கு ஆரம்பகால சோதனை ஆதாரம் ஒன்றைக் கொடுத்ததே சி.வி.ராமனும் சூரி பகவந்தமும்தான், 1931-ல் கல்கத்தாவில். வட்டமாக ஆடுகிற ஒளியின் இடது, வலது சுற்றுகள் இந்தத் தற்சுழற்சியின் வெளிப்பாடு.

1992-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் லெஸ் ஆலன் குழு இன்னொரு சுழற்சியைச் சுட்டிக்காட்டியது. ஒளிக்கற்றையின் அலைமுகம் தட்டையாக இல்லாமல் சுழல் மாடிப்படி மாதிரி முறுக்கியிருந்தால், ஒவ்வொரு ஃபோட்டானும் கூடுதலாகச் சுற்றுக் கோண உந்தத்தைச் சுமக்கும். அந்தக் கற்றையைச் சுவரில் பாய்ச்சினால் நடுவில் ஓட்டையோடு உளுந்த வடை மாதிரி ஒரு வெளிச்சம் விழும். பூமி தன்னைத்தானே சுற்றுவது தற்சுழற்சி என்றால், சூரியனைச் சுற்றுவது இது.

இதில் என்ன லாபம்? தற்சுழற்சிக்கு இடது, வலது என்று இரண்டே நிலைகள். முறுக்குக்கு அப்படி எல்லை இல்லை. ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு, பத்து முறுக்கு, இடப்பக்கம், வலப்பக்கம் என்று எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு ஃபோட்டானில் ஏற்றக்கூடிய தகவல் கூடுகிறது.

2001-ல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஆன்டன் ஸைலிங்கர் குழு இந்த முறுக்கை வைத்தே இரண்டு ஃபோட்டான்களைப் பின்னிக் காட்டியது. ஒரு சிறப்புப் படிகத்துக்குள் லேசர் ஒளியை அனுப்பினால், அபூர்வமாக ஒரு ஃபோட்டான் இரண்டாகப் பிரியும். உள்ளே போன ஃபோட்டானுக்கு முறுக்கு இல்லை என்றால், வெளியே வருகிற இரண்டின் முறுக்கையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். ஒன்றை அளந்து இடப்பக்கம் இரண்டு முறுக்கு என்று வந்தால், மற்றொன்றில் வலப்பக்கம் இரண்டு முறுக்கு இருக்கும். அளக்கும் வரை எந்த ஃபோட்டானுக்கும் இதுதான் முறுக்கு என்று தனியாக ஒரு விடை கிடையாது, ஜோடிக்குத்தான் விடை. அதுதான் பின்னல். 2022 நோபல் பரிசைப் பெற்ற மூவரில் இந்த ஸைலிங்கரும் ஒருவர்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பின்னிய ஃபோட்டான்களை வைத்து ஒளியை விட வேகமாக மெசேஜ் அனுப்ப முடியாது. ஒவ்வொரு பக்கமும் கிடைக்கிற விடை தனியாகப் பார்த்தால் தற்செயலானதுதான். இரண்டு பக்கத்து விடைகளையும் சாதாரண வழியில் பேசி ஒப்பிட்டால்தான் பொருத்தம் தெரியும். ஒட்டுக்கேட்க முடியாத ரகசியச் சாவிகளை உருவாக்கத்தான் இது உதவும்.

ஆனால் ஃபோட்டானை முறுக்குவது எப்படி? இங்கேதான் பஞ்சரத்தினம் திரும்பி வருகிறார்.

ஒரு வகைப் படிகத் தட்டு வட்ட ஆட்டத்தின் சுற்றை இடதிலிருந்து வலதாக மாற்றிவிடும். அந்தத் தட்டை 30 டிகிரி திருப்பி வைத்தால், வெளியே வருகிற அலையின் கட்டம் 60 டிகிரி நகர்ந்திருக்கும். தட்டின் தடிமன் மாறவில்லை, ஒளி கடந்த தூரமும் மாறவில்லை. புவான்கரே உருண்டையில் எடுத்த பாதை மட்டும்தான் மாறியது. இது சுத்தமான பஞ்சரத்தினம் கட்டம்.

இப்போது ஒரே தட்டில், மையத்தைச் சுற்றி ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு கோணம் இருக்கும்படி செய்தால்? ஒளிக்கற்றையின் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு அளவு நகர்வு கிடைக்கும். மொத்த அலைமுகமும் சுழல் படியாக மாறிவிடும். 2006-ல் இத்தாலியின் நேப்பிள்ஸில் லொரென்ஸோ மர்ருச்சி குழு இதைச் செய்தது. 2009-ல் இதே தட்டு ஒற்றை ஃபோட்டானின் தற்சுழற்சியில் இருக்கும் குவாண்டம் தகவலை முறுக்குக்கு மாற்றவும் பயன்பட்டது.

அந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? திரவப் படிகம். எல்சிடி திரைகளில் இருக்கிற அதே வகைப் பொருள். அண்ணன் சந்திரசேகர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த துறை அது. தம்பியின் கட்டமும் அண்ணனின் பொருளும் ஒரே கருவியில் சந்தித்தபோது இருவருமே இல்லை. தம்பி இறந்து 37 வருஷம், அண்ணன் இறந்து 2 வருஷம்.

இன்று எங்கெல்லாம் இருக்கிறார்?

முதலாவது, தட்டை லென்ஸ். 2016-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூண்களை வெவ்வேறு கோணங்களில் நட்டு, வளைவே இல்லாத லென்ஸ் ஒன்றைச் செய்துகாட்டியது. ஒளியைக் குவிக்க உதவியது வடிவியல் கட்டம். விஆர் கண்ணாடிகளை மெலிதாக்கவும் இந்த வழியில் ஆய்வுகள் நடக்கின்றன.

இரண்டாவது, படிகத்துக்குள் இருக்கும் விசித்திரத் திசைகள். அயோலைட்டில் சில திசைகளில் இரண்டு அலைகளும் ஒன்றாகவே மாறிவிடுவதை 1955-ல் அவர் ஆராய்ந்திருந்தார். விதிவிலக்குப் புள்ளிகள் என்ற பெயரில் லேசர், சென்சார் ஆய்வுகளில் இன்று பேசப்படும் விஷயத்தின் ஆரம்பகால உதாரணம் அது.

மூன்றாவது, குவாண்டம் தகவல்தொடர்பு. 2022 ஜனவரியில் அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையமும் இயற்பியல் ஆய்வுக்கூடமும் சேர்ந்து, பின்னிய ஃபோட்டான்களை வைத்து 300 மீட்டர் தூரத்துக்கு ரகசியச் சாவியைப் பகிர்ந்து காட்டின. அங்கே பயன்பட்டது முறுக்கு இல்லை என்றாலும், முறுக்கின ஒளியை ஆராய்கிற குழுக்கள் இந்தியாவில் இருக்கின்றன. பஞ்சரத்தினம் வேலை பார்த்த ராமன் ஆய்வு நிறுவனத்திலும் குவாண்டம் தகவல் ஆய்வுக்கூடம் ஒன்று இயங்குகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அரசு 6,003.65 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய குவாண்டம் மிஷனுக்கு ஒப்புதல் கொடுத்தது.

இவ்வளவு பணமும் ஆர்வமும் கொட்டுகிற நேரத்தில் பஞ்சரத்தினத்தின் கதை ஒரு விஷயத்தை நினைவுபடுத்துகிறது. அவர் தேடியது குவாண்டம் கம்ப்யூட்டரை இல்லை. ஒரு கல்லில் வரக்கூடாத வளையம் ஏன் வருகிறது என்று மட்டும்தான் தேடினார். அந்தத் தேடலுக்கு இடம் கொடுக்க ஒரு நிறுவனம் இருந்தது, வெளியிட ஒரு இதழ் இருந்தது. வெளியானதைப் படித்து உலகத்திடம் எடுத்துச் சொல்லத்தான் 30 வருஷமாக ஆள் இல்லை.

நல்லவேளையாக, அவருடைய கட்டுரைகளை இன்று யாரும் ஃபோனிலேயே படிக்கலாம். இந்திய அறிவியல் அகாடமி தன் பழைய ஆய்விதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1956-ம் வருஷத் தொகுப்பில் பஞ்சரத்தினத்தின் பெயரும், அந்த உருண்டையும், அதன் மேல் ஒரு சின்ன முக்கோணமும் இருக்கும்.